வீட்டுக்காரர் யார்? சுரங்க ஊர் டெனமென்ட் வரலாறு தேடுவோருக்குச் சில பாடங்கள்

ஸ்காட்லாந்தின் நிலக்கரி ஊர்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை அடி ஆழம், எந்த ஆண்டு வெடிப்பு, எத்தனை சாவு என்று போகும். அதெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அந்த ஆட்கள் வேலை முடிந்து திரும்பிய வீடுதான் எங்கும் சரியாகப் பதிவாகவில்லை. அந்த வீட்டைத் தேடப் போனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வீட்டுக்காரர் யார்? சுரங்கக் கம்பெனியா, கடைத்தெருவில் முதல் போட்ட தனியாளா, நகராட்சியா? வாடகை, தண்ணீர், கக்கூஸ், வேலைநிறுத்தத்தில் தாக்குப்பிடிக்கும் தெம்பு, கணவன் செத்தால் மனைவி எங்கே போவாள் என்பது வரை எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே அமைந்தன.

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே எட்டு மைலில் இருக்கும் பிளான்டயரை எடுத்துக்கொள்வோம். பல வகை வீட்டுக்காரர்களும் அந்த ஒரே ஊரில் இருந்தார்கள்.

கிளைட் ஆற்றங்கரையில் 1785இல் டேவிட் டேலும் ஜேம்ஸ் மான்டீத்தும் தொடங்கிய பஞ்சாலை முதலில் வந்தது. ஆலைத் தொழிலாளருக்காகக் கட்டிய ஷட்டில் ரோ என்ற டெனமென்டில், அதாவது பல வீடுகள் அடங்கிய மாடிக் கட்டடத்தில், 24 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஆப்பிரிக்கப் பயணங்களால் பேர்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன் 1813இல் அங்கேதான் பிறந்தார். அவர் பெயரால்தான் அந்தக் கட்டடம் இடிபடாமல் தப்பி, 1929 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. லிவிங்ஸ்டன் வீட்டு அறையின் அளவு 14 அடிக்கு 10 அடி. பெற்றோரும் உயிரோடு தங்கிய ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து ஏழு பேர். ஆளுக்கு 20 சதுர அடி. இடிந்துபோன ஓரறை வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது போய் அந்த அறைக்குள் நின்றுவிட்டு வருவது நல்லது. காகிதத்தில் 140 சதுர அடி என்று படிக்கும்போது மனம் தானாகவே அதைப் பெரிதாக்கிக்கொள்ளும்.

1870களில் நிலக்கரி வந்தது. வில்லியம் டிக்சன் கம்பெனி ஹை பிளான்டயரில் குழிகளை வெட்டி, பக்கத்திலேயே செங்கல் வரிசை வீடுகளைக் கட்டியது. ஊரார் வாயில் அவை டிக்சன் ரோஸ். ஒற்றை மாடி, தெருவைப் பார்த்த கதவு, சுவரோடு சுவராக நீளும் வீடுகள். அதே காலத்தில் ஸ்டோன்ஃபீல்டு பக்கம் பெரிய சாலையோரமாகத் தனியார் மணற்கல் டெனமென்ட்கள் எழுந்தன. கீழே கடை, மேலே வீடுகள், உள்ளே போக குளோஸ் எனப்படும் பொது நடை, பல இடங்களில் மாடிப்படி கட்டடத்தின் பின்புறம். டெனமென்ட் என்றதும் சேரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகப் பல வீடுகள் இருந்தாலே அங்கே அது டெனமென்ட்தான். கிளாஸ்கோவின் வசதியான குடும்பங்களும் அப்படித்தான் வாழ்ந்தன. சுரங்க ஊர்களில் இத்தகைய கட்டடத்தை அதைக் கட்டியவரின் பெயரோடு 'லேண்ட்' என்று சேர்த்துச் சொல்வார்கள். இந்தப் பெயர்கள் வரைபடத்தில் அபூர்வம். பேச்சிலும் சாவுப் பதிவிலும்தான் கிடைக்கும். கேட்டவுடன் குறித்து வைத்து, எந்தத் தெரு எண் என்று அன்றைக்கே பொருத்திவிட வேண்டும்.

கம்பெனி வீட்டுக்கும் தனியார் டெனமென்டுக்கும் உள்ள வேறுபாட்டை 1877 அம்மணமாகக் காட்டியது. அக்டோபர் 22ஆம் தேதி டிக்சனின் 2, 3ஆம் எண் குழிகளில் வெடிப்பு. அதிகாரபூர்வக் கணக்கில் 207 பேர் இறந்தார்கள். ஸ்காட்லாந்தின் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஆறு மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்யாத 34 விதவைகள் மீது கம்பெனி வழக்குப் போட்டது. 1878 மே 28 அன்று ஹாமில்டன் ஷெரிஃப் நீதிமன்றம் (ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்றால் நீதிபதி) அவர்களை வெளியேற்ற உத்தரவிட்டது. வீடு வேலைக்குக் கிடைத்த சலுகை, வேலை செய்தவன் இல்லையென்றால் வீடும் இல்லை என்பதுதான் சட்டத்தின் பார்வை. தனியார் டெனமென்டில் குடியிருந்த விதவைக்கு வாடகை கட்டுவது கடினம்தான், ஆனால் கட்டினால் இருக்கலாம். அறையில் பாதியை லாட்ஜருக்கு, அதாவது காசு கொடுத்துத் தங்கும் வெளியாளுக்கு, விட்டுப் பிழைக்கலாம். எனவே விபத்தில் இறந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1881 கணக்கெடுப்பில் அவர்களின் குடும்பங்களைத் தேடுகிறவர்கள், வரிசை வீடுகளில் இருந்தவர்களை அதே முகவரியில் எதிர்பார்க்க வேண்டாம்.

குடும்பத்தை விடுங்கள், வீட்டைப் பிடியுங்கள்

வம்சாவளி தேடிப் பழகியவர்கள் குடும்பப் பெயரை வைத்துத் தேடுவார்கள். குடியிருப்பு வரலாற்றுக்கு அந்த வழி உதவாது. சுரங்கக் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறின. ஒரு குடும்பத்தின் பின்னாலேயே போனால் ஹாமில்டன், லார்க்ஹால், பெல்ஸ்ஹில் என்று சுற்றிவிட்டு, தொடங்கிய கட்டடத்தைத் தொலைத்துவிடுவோம். கட்டடம் நகராது. ஒரு குளோஸை எடுத்து, ஆண்டுக்கு ஒரு பக்கம் வைத்து, அதில் வந்து போனவர்களை எழுதிக்கொண்டே போக வேண்டும்.

இதற்கு முதுகெலும்பு வேல்யுவேஷன் ரோல், அதாவது ஆண்டு வாடகை மதிப்பீட்டுப் பதிவேடு. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1855 முதல் 1989 வரை ஆண்டுதோறும் எழுதப்பட்டது. சொத்து என்ன, எங்கே, உடைமையாளர் யார், வாடகைதாரர் யார், குடியிருப்பவர் யார், ஆண்டு வாடகை எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். உடைமையாளர் பத்தியை முதலில் படியுங்கள். மேலே கேட்ட கேள்விக்கான விடை அங்கே இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசின் ஆவணத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் பெயர்வாரியாகத் தேடக்கூடியவை 1915 வரை பத்தாண்டுக்கு ஒன்று, பிறகு 1940 வரை ஐந்தாண்டுக்கு ஒன்று.

இதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும். மனைவி, பிள்ளை, லாட்ஜர் எவரும் வர மாட்டார்கள். ஆண்டு வாடகை 4 பவுனுக்குக் குறைந்த வீடுகளில் குடியிருப்பவர் பெயரை எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. ஆகவே கம்பெனி வரிசைகள் பல இடங்களில் 'தொழிலாளர் வீடுகள்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பெயர் இல்லாததால் அந்த ஆண்டு வீடு காலியாக இருந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது பலரும் செய்யும் தவறு. இன்னொன்று, பதிவேட்டின் ஆண்டு மே மாத நடுவில் தொடங்கி அடுத்த மே வரை ஓடும். 1914-15 என்று போட்டிருப்பதை 1915 என்று சுருக்கி எழுதினால், போருக்கு முன்பா பின்பா என்ற கணக்கே மாறிப்போகும். வாடகை உயராமல் அப்படியே இருப்பதைக் கண்டு வீட்டுக்காரரின் நல்ல மனசு என்றும் நினைத்துவிடக் கூடாது. 1915இல் கிளாஸ்கோவில் மேரி பார்பரும் மற்றப் பெண்களும் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்துக்குப் பின், அரசு வாடகையை 1914 ஆகஸ்ட் அளவிலேயே கட்டிப்போட்டது.

பதிவேட்டின் மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் போர்த்த வேண்டும். 1861 முதல் ஸ்காட்லாந்தின் கணக்கெடுப்பில் ஒரு பொன்னான பத்தி இருக்கிறது: ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை. 1 என்றால் சிங்கிள் எண்ட் எனப்படும் ஓரறை வீடு. 2 என்றால் ரூம் அண்ட் கிச்சன். ஒரு குளோஸின் மொத்த ஆட்களை மொத்த அறைகளால் வகுத்து, பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒப்பிட்டால் நெரிசல் ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். சராசரியோடு நிறுத்திவிடாமல் அதிகபட்சத்தையும் எழுதுங்கள். ஒரே நடையில் இரண்டு கிழவர்கள் இருந்த அறையும் ஒன்பது பேர் இருந்த அறையும் சேர்ந்து ஒழுங்கான சராசரி ஒன்றைக் கொடுத்து ஏமாற்றும்.

மாடி எண்ணோ இடது வலதோ பழைய கணக்கெடுப்பில் இருக்காது. ஆனால் கணக்கெடுப்பாளர் கால்நடையாகப் போனவர். தாளில் குடும்பங்கள் வரும் வரிசை பெரும்பாலும் அவர் படியேறிய வரிசைதான். ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கத்திலும் அவருக்கு ஒதுக்கிய எல்லை எழுதியிருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வருணனையை வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தால், எந்த மூலையில் திரும்பினார் என்று பிடிபடும். முகவரி வெறும் தெருப் பெயராக இருக்கும்போது இதைவிட நம்பகமான வழி இல்லை.

1921 கணக்கெடுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது, நிலக்கரித் தொழிலில் கதவடைப்பு வந்ததால் ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. அன்றும் கதவடைப்பு முடிந்திருக்கவில்லை. வேலை கொடுப்பவர் பெயரும் கேட்கப்பட்ட கணக்கெடுப்பு அது என்பதால், தெருவில் யார் எந்தக் கம்பெனி ஆள் என்று வீடுவாரியாகப் பிரிக்கலாம். ஆனால் அந்தத் தேதியில் எழுதிய 'வேலையில்லை' என்பதை ஊர் நொடித்துப்போனதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. கோடையின் தொடக்கத்தில் எடுத்ததால் வெளியூர் போனவர்களும் அதிகம்.

வரைபடத்தில் ஒரு பொறி உண்டு. அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல (மைலுக்கு 25 அங்குலம்) வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளான்டயர் இருக்கும் மாவட்டமான லானர்க்‌ஷயரின் முதல் பதிப்பு 1850களின் இறுதியில் அளந்தது, இரண்டாவது 1890களின் பிற்பகுதி, மூன்றாவது 1910 வாக்கில். பிளான்டயரில் நிலக்கரி வந்ததோ இடையில். முதல் பதிப்பில் வயல் தெரியும், அடுத்ததில் முழு ஊர் தெரியும். நடுவில் கட்டியது எந்த ஆண்டு என்று வரைபடம் சொல்லாது. அதற்குப் பதிவேட்டின் தொகுதிகளை ஆண்டு ஆண்டாகப் புரட்டி, உடைமையாளர் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். நகராட்சி அந்தஸ்து பெற்ற பர்க் ஊர்களில் கட்டட அனுமதி தந்த டீன் ஆஃப் கில்ட் நீதிமன்றத்துக்குக் கொடுத்த கட்டட வரைபடங்கள் கிடைக்கக்கூடும். அதில் படுக்கை மாடம் முதல் கழிவுக் குழாய் வரை இருக்கும். பிளான்டயர் பர்க் இல்லை. அந்த மாதிரி ஊர்களில் இந்த ஆவணத்தைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம், மாவட்ட சுகாதார அதிகாரியின் அறிக்கைக்குப் போய்விடுங்கள்.

சுகாதார அதிகாரிப் பதவி 1889ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தால் மாவட்டங்களுக்கு வந்தது. லானர்க்‌ஷயரின் அதிகாரி டாக்டர் ஜான் வில்சன் 1910இல் சுரங்கத் தொழிலாளர் வீடுகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, வரிசை வரிசையாகப் பார்த்து எழுதியது: சுவர் எதனால், ஈரம் ஏறாமல் தடுப்பு இருக்கிறதா, தரை எப்படி, தண்ணீர் எங்கிருந்து, கக்கூஸ் எத்தனை, சாக்கடை மூடியதா திறந்ததா. அயர்‌ஷயரில் இதே வேலையைத் தொழிற்சங்கமே செய்தது. தாமஸ் மக்கெரலும் ஜேம்ஸ் பிரவுனும் வரிசைதோறும் நடந்து, வீடுகளை அளந்து, 1913இல் ஸ்காட்லாந்தின் வீட்டு நிலையை ஆராய்ந்த அரச ஆணையத்திடம் கொடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு தெரியும். அதிகாரி சாக்கடையைப் பார்க்கிறார். சங்கத்துக்காரர்கள் எத்தனை வீட்டுக்கு ஒரு கக்கூஸ், அதற்குக் கதவு உண்டா என்று கேட்கிறார்கள். அந்த ஆணையத்தின் அறிக்கை 1917இல் வந்தது. 1911 கணக்குப்படி ஸ்காட்லாந்து மக்களில் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் ஓரறை, ஈரறை வீடுகளில் வாழ்ந்தார்கள். இங்கிலாந்தில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

அறைக்குள்

ஓரறை வீட்டின் அமைப்பு ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். ஒரு சுவரில் கரி அடுப்பு, இரும்பு ரேஞ்ச். எதிர்ச் சுவரில் சுவருக்குள் குடைந்தாற்போல் படுக்கை மாடம், முன்னால் திரை. மாடக் கட்டில் தரையிலிருந்து உயரமாக இருக்கும். அதன் அடியில் சக்கரம் வைத்த தாழ்வான ஹர்லி கட்டில். இரவில் இழுத்தால் பிள்ளைகளுக்கு, பகலில் தள்ளினால் நடக்க இடம். ஜன்னலோரம் ஜா பாக்ஸ் எனப்படும் கழுவுதொட்டி, குழாய் உள்ளே வந்த வீடுகளில் மட்டும். மற்றவர்களுக்குத் தெருக் குழாய், கையில் வாளி. குழிமுகத்தில் குளியலறைகள் வருமுன் சுரங்க ஆள் கரியோடு வீட்டுக்கு வந்து, அடுப்பின் முன் தகரத் தொட்டியில் குளித்தார். மூன்று ஆண்கள் வெவ்வேறு ஷிஃப்டில் போகும் வீட்டில் தண்ணீர் சுடவைப்பது முடிவே இல்லாத வேலை. 1920ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழில் சட்டம் டன்னுக்கு ஒரு பென்னி வசூலித்து நலநிதி உண்டாக்கியது. 1926இல், நிலத்துக்காரர் நிலக்கரிக்குப் பெற்ற உரிமத்தொகை மீது தனி வரி போட்ட பிறகுதான் குளியலறைகள் வேகமாகக் கட்டப்பட்டன. பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தந்தக் குழிக்குக் குளியலறை வந்த ஆண்டைத் தவறாமல் தேடிப் போட வேண்டும். அடுக்களை வேலையில் அவ்வளவு பெரிய மாற்றம் வேறு எதுவும் கொண்டுவரவில்லை.

பின்முற்றத்துத் துணி துவைக்கும் அறை முறைவைத்து ஓடியது. செங்கல் அடுப்பில் பதித்த செப்பு அல்லது இரும்புக் கொப்பரை, விடியுமுன் தீ மூட்ட வேண்டும், கரி அவரவர் பொறுப்பு. கொடி கட்டும் முற்றமும் அதே நாளுக்குத்தான் அந்த வீட்டுக்குச் சொந்தம். மழை பெய்தால் முறை போனது போனதுதான், ஈரத்துணி மாடத்துக்கு முன்னால் தொங்கும். மாடிப்படி கழுவும் முறையும் வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். கழுவி முடித்து ஓரங்களில் வெள்ளைக் களிமண்ணால் கோலம்போல் வளையம் வளையமாக இழுப்பார்கள். அண்டை வீட்டுச் சண்டைகளில் பெரும்பங்கு இந்த இரண்டு முறைகளால் வந்தவை. பழையவர்களிடம் பேசும்போது, 'அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது' என்று கேட்டால் 'ஏழைகளானாலும் சந்தோஷமாக இருந்தோம்' என்ற பதில்தான் வரும். 'உங்கள் துணி நாள் எது, உங்களுக்கு முந்தைய நாள் யாருடையது' என்று கேட்டுப் பாருங்கள். அந்த நடையில் இருந்த அத்தனை பெயரும் வரிசையாக வரும். 25 அங்குல வரைபடத்தைப் பெரிதாக்கி மேசையில் விரித்து வைத்தால் இன்னும் நல்லது. கூட்டுறவுக் கடையின் பங்காளி எண்ணையும் கேளுங்கள். வாங்கிய ஒவ்வொரு முறையும் லாபப் பங்குக்காகச் சொன்ன எண் என்பதால், மற்றதை மறந்தவர்களுக்கும் அது நாக்கில் இருக்கும்.

பெயர்களில் எழும் குழப்பம்

மூத்த மகனுக்கு அப்பாவழிப் பாட்டனார் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் என்பது ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் பழைய வழக்கம். அண்ணன் தம்பி நால்வர் ஒரே தெருவில் குடியிருந்தால் ஒரே பெயருள்ள பேரன்கள் நால்வர் இருப்பார்கள். பிரித்தறியத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரே கைகொடுக்கும். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் நடக்கும் பதிவுகளில் பிறப்பு, திருமணம், சாவு மூன்றிலும் அது உண்டு. இங்கிலாந்துப் பதிவுகளில் பழகியவர்கள் இந்த வசதியை மறந்துவிடுகிறார்கள். விபத்துச் சாவுகளில் மூலப் பதிவோடு நிறுத்தாமல், ஓரத்தில் குறித்திருக்கும் திருத்தப் பதிவேட்டையும் எடுங்கள். உண்மைக் காரணமும் நேரமும் அங்கேதான் பிறகு சேர்க்கப்பட்டிருக்கும். 1895க்குப் பின் வேலையிடத்துச் சாவுகளுக்கு ஷெரிஃப் முன்னிலையில் விசாரணை நடந்தது, அந்தக் கோப்புகளையும் கேட்கலாம்.

லித்துவேனியர்களைத் தேடுவது இன்னும் சிக்கல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெல்ஸ்ஹில், கிரெய்க்நூக், கார்ஃபின் பக்கம் வந்து குடியேறிய எல்லோரையும் ஊரார் போலந்துக்காரர் என்றார்கள். கணக்கெடுப்பில் பிறந்த இடம் ரஷ்யா என்றோ ரஷ்யப் போலந்து என்றோ இருக்கும். சம்பளக் கணக்கர் வாயில் நுழையாத பெயருக்குப் பதில் ஸ்மித், பிரவுன், மில்லர் என்று எழுதிவிட்டார். பின்னால் அதுவே குடும்பப் பெயராக நின்றது. மாதா கோயில் திருமுழுக்குப் பதிவில் பழைய பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஞானப்பெற்றோர் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். 1917இல் பிரிட்டனும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தத்தால், பிரிட்டிஷ் படையில் சேரு அல்லது ரஷ்யாவுக்குத் திரும்பு என்று நெருக்கியபோது லானர்க்‌ஷயரிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் கப்பலேறினார்கள். 1915 பதிவேட்டில் இருந்த பெயர் 1920இல் காணோமென்றால் போரில் செத்தார் என்று எழுதுமுன் இதை நினைவில் வையுங்கள்.

கட்டடத்தின் முடிவையும் வீட்டுக்காரரை வைத்தே தேட வேண்டும். பார்கெடியில் சுரங்க வரிசை வீட்டில் வளர்ந்த ஜான் வீட்லி, 1924இல் முதல் தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சராகிக் கொண்டுவந்த சட்டம், நகராட்சி கட்டும் வாடகை வீட்டுக்கு ஆண்டுக்கு 9 பவுன் வீதம் 40 ஆண்டுகளுக்கு மானியம் தந்தது. 1930, 1935 ஆண்டுகளின் சட்டங்கள் இடிப்பையும் நெரிசல் கணக்கையும் சேர்த்தன. நகராட்சியின் வீட்டுக் குழு நடவடிக்கைக் குறிப்புகளில் இடிப்பு உத்தரவு தெருப் பெயரோடு வரும். ஆனால் உத்தரவு வந்த ஆண்டும் ஆள் வெளியேறிய ஆண்டும் ஒன்றல்ல, போர் குறுக்கிட்டதால் பத்தாண்டுக்கு மேலும் இழுத்தவை உண்டு. 1947 ஜனவரி 1 அன்று நிலக்கரி தேசியமயமானபோது கம்பெனி வீடுகள் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்குப் போயின. அதன்பின் பழைய கம்பெனியின் பெயரில் தேடினால் எதுவும் கிடைக்காது, வாரியத்தின் பெயரில் தேட வேண்டும். 1940க்குப் பிந்தைய தொகுதிகளைப் பார்க்க எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போவதற்குமுன், ஊர், தெரு, ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். இவை இல்லாமல் அங்கே தொகுதியைக் கேட்க முடியாது.